ஐகன்மன், ஐகன்மன், 1889

டெல்டூரஸ் என்பது ஒரு மீன் பேரினத்தின் பெயர். பிரேசிலின் கிழக்குக் கரையை நோக்கி ஓடும் ஆறுகளில் வாழும் கவசக் கெளுத்திகள் அவை. விலங்கியலில் ஒரு பேரினத்தின் பெயரை முறையாக எழுதும்போது, அதை முதலில் அறிவித்தவரின் பெயரையும் ஆண்டையும் கூடவே எழுதுவது வழக்கம். அந்த வழக்கப்படி இது இப்படி வரும்: டெல்டூரஸ் ஐகன்மன் மற்றும் ஐகன்மன், 1889.

இந்த வரியைப் பார்க்கும் எவருக்கும் முதலில் அண்ணன் தம்பி என்றுதான் தோன்றும். அல்லது தகப்பனும் மகனும். முதல் ஐகன்மன், கார்ல். ஜெர்மனியில் பிறந்து, பதின்வயதில் அமெரிக்கா போய், தென்னமெரிக்க மீன்களைப் பற்றிய அறிவியலைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவராகப் போற்றப்படுபவர். இரண்டாவது ஐகன்மன், ரோசா. 1887 ஆகஸ்ட் மாதம் வரை அவர் பெயர் ரோசா ஸ்மித். அந்தப் பெயரிலும் அவருக்குத் தனியாக ஒரு வரலாறு உண்டு. கல்யாணமானதும் தலைப்பெழுத்து மாறி, சான்றிதழில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் ஒரு பெயருமாக அலைகிற நம் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கவசக் கெளுத்தி நமக்கும் தெரிந்த மீன்தான். வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் 'டேங்க் கிளீனர்' என்று கேட்டு வாங்குவார்களே, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும் அந்தக் கறுப்பு மீன், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும் கொண்டுபோய் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அங்கே அது பெருகி மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. சந்தையில் வாங்க ஆளில்லை. சொந்த ஊரான தென்னமெரிக்காவிலோ இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய ஆயிரம் இனங்கள். கெளுத்திகளிலேயே மிகப் பெரிய குடும்பம். உடம்பில் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடுகள் வரிசை வரிசையாகப் பொருந்தியிருக்கும். ரோமானியப் போர்வீரன் மார்பில் அணிந்த கவசத்துக்கு லத்தீனில் 'லோரிகா' என்று பெயர். அதிலிருந்துதான் குடும்பத்தின் பெயரான லோரிகாரிடே வந்தது.

போர்வீரன் பெயரைச் சூட்டியவர்கள் அந்த மீனின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. இந்தக் குடும்பத்தின் பல இனங்களில் பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பொந்துக்குள் காவல் கிடந்து, துடுப்பை அசைத்துக் காற்றோட்டம் தந்து, குஞ்சு பொரிக்கும்வரை பார்த்துக்கொள்வது ஆண். சில இனங்களில் ஆண் மீன் முட்டைக் கொத்தை உதட்டில் சுமந்துகொண்டே திரியும். ஆன்சிஸ்ட்ரஸ் என்ற பேரினத்தின் ஆண்களுக்கு மூக்கின் மேல் தாடிபோலச் சதைக் குருத்துகள் முளைக்கின்றன. 1999இல் மூன்று ஆய்வாளர்கள் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: ஏற்கெனவே குஞ்சுகளை வைத்து வளர்க்கும் ஆணையே பெண் மீன் விரும்புகிறது, அந்தக் குருத்துகள் பார்வைக்குக் குஞ்சுகள்போலத் தெரிவதால், குழந்தை இல்லாத ஆணும் பொறுப்பான தகப்பனாக வேடம் போட முடிகிறது. இது ஒரு கருதுகோள்தான். ஆனாலும் படித்த அன்று நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ரோசா 1858இல் இல்லினாய் மாநிலத்தில் மன்மத் என்ற ஊரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைசி. தகப்பனார் அச்சுத் தொழில் செய்தவர். மகளின் உடல்நலத்துக்கு ஒத்துக்கொள்ளும் என்று குடும்பம் 1876இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கடலும் கரையும் பாறைக் குழிகளில் தேங்கும் நீரும் அவருக்குப் பள்ளிக்கூடமாயின. ஊரிலிருந்த இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் சேர்ந்தார். அங்கே அவர் வாசித்த ஒரு மீன் கட்டுரையைக் கேட்ட டேவிட் ஸ்டார் ஜோர்டன், அந்நாளைய அமெரிக்காவின் முதன்மையான மீனியலாளர், தன்னிடம் வந்து படிக்கும்படி இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். போனார். படிப்பு பாதியில் நின்றது. வீட்டில் நோய்; மகள் திரும்பி வரவேண்டியதாயிற்று. பட்டம் கிடைக்கவில்லை. பிறகு கொஞ்சகாலம் உள்ளூர்ச் செய்தித்தாளில் நிருபராகவும் இருந்தார்.

இதற்கிடையே 1881இல், இருபத்துமூன்று வயதுகூட நிறையாத அந்தப் பெண், ஒரு புதிய பேரினத்தையே தனியொருவராக அறிவித்திருந்தார். சான் டியேகோவின் பாய்ண்ட் லோமா பாறைகளுக்கடியில் இருட்டில் வாழும், கண் தெரியாத ஒரு சிறு மீன். ஓதனாப்ஸ் என்று பெயரிட்டார். அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை. வியன்னாவில் இருந்த ஃபிரான்ஸ் ஸ்டைண்டாக்னர் அதே மீனுக்கு 1879இலேயே வேறொரு பெயர் கொடுத்துவிட்டார். விலங்கியலில் முந்தியவர் பெயர்தான் நிற்கும். பிந்தியவர் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருந்தாலும் அவருடைய பெயர் 'ஒத்தபெயர்' என்ற பட்டியலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த விதி ஆண் பெண் பார்க்காது என்பது உண்மை. யாருக்கு நூலகமும் அருங்காட்சியகமும் தபாலும் முதலில் எட்டுகின்றன என்பதையும் அது பார்க்காது.

1887இல் கார்லை மணந்தார். கார்ல் அவரைவிட ஐந்து வயது இளையவர். அதே ஜோர்டனின் மாணவர். 1886இல்தான் பட்டம் பெற்றவர். மீன்களைப் பற்றி ரோசா ஆறேழு ஆண்டுகளாகவே எழுதி வெளியிட்டுக்கொண்டிருந்தார். 'கணவருக்கு ஆராய்ச்சியில் துணையாக இருந்தார்' என்று ரோசாவைப் பற்றி எழுதுவோர் இந்த ஆண்டுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

மணமான கையோடு இருவரும் ஹார்வர்டுக்குப் போனார்கள். அங்குள்ள ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்தில், பிரேசிலிலிருந்து வந்த மீன்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாராயச் சாடிகளில் கிடந்தன. ஹார்வர்டு அப்போது பெண்களை மாணவர்களாகச் சேர்ப்பதில்லை. ரோசா வில்லியம் ஃபார்லோ என்ற தாவரவியலாளரின் வகுப்பில் சிறப்பு அனுமதியோடு உட்கார்ந்தார். அங்கே பட்டமேற்படிப்பு வகுப்பில் அமர்ந்த முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். மற்றப் பெண்களுக்கு ஹார்வர்டின் வாசலுக்கு வெளியே 'அனெக்ஸ்' என்ற தனி ஏற்பாடு இருந்தது. அதன் தலைவி எலிசபெத் அகாசி. ரோசா மேசைமீது கவிழ்த்த சாடிகளுக்கும் எலிசபெத்துக்கும் ஓர் உறவு உண்டு. அந்த மீன்கள் பிடிபட்ட பயணத்தில் அவரும் இருந்தார்.

1865 ஏப்ரல் முதல் 1866 வரை நடந்தது தேயர் பயணம். செலவைக் கொடுத்த பணக்காரரின் பெயரே பயணத்துக்கும். தலைவர், எலிசபெத்தின் கணவர் லூயி அகாசி. டார்வினை ஏற்காதவர்; உயிரினங்கள் மாறுவதில்லை என்பதற்கு அமேசான் மீன்களில் சான்று கிடைக்கும் என்று நம்பிப் போனவர். பின்னாளில் தத்துவவாதியாகப் புகழ்பெற்ற வில்லியம் ஜேம்ஸ் அந்தக் குழுவில் ஓர் இளம் தொண்டர். எலிசபெத் அன்றாடம் குறிப்பெழுதினார். பயண நூல் 1868இல் வெளிவந்தபோது அதன் ஆசிரியர் பெயர்: பேராசிரியரும் திருமதி லூயி அகாசியும். எலிசபெத் என்ற சொல் அதில் இல்லை. எது யார் எழுதியது என்று தங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு இருவர் எழுத்தும் பின்னிவிட்டதாக முன்னுரை சொல்கிறது. ஆனால் நூலைப் படித்தால் நடைநடையாய் நடந்து பார்த்துச் சொல்லும் குரல் பெரும்பாலும் அவருடையதுதான்.

அந்த நூலில் இன்னொரு பெண் வருகிறாள். டெஃபே என்ற அமேசான் ஊரில் அகாசி தம்பதியர் தங்கியிருந்த வீட்டில் வேலைக்கு இருந்த அலெக்சாண்ட்ரினா. ஆப்பிரிக்க, பழங்குடி வழிகள் இரண்டும் கலந்தவள். வீட்டு வேலையோடு மீன்களின் எலும்புக்கூட்டைச் சதை நீக்கிச் சுத்தமாக எடுக்கவும் கற்றுக்கொண்டாள், ஆய்வுக்கூடத்தில் மிகவும் பயன்பட்டாள் என்று எலிசபெத் பாராட்டுகிறார். காட்டு வழிகள் அவளுக்குத் தெரியும்; எலிசபெத் செடிகொடி பார்க்கப் போகும்போதெல்லாம் அவள்தான் கூடப் போனாள். சிறு மீனின் எலும்பைச் சிதையாமல் எடுப்பது எவ்வளவு கைப்பதம் வேண்டிய வேலை என்று அயிரை அலசிய எவருக்கும் தெரியும். கவசக் கெளுத்தியின் தலையெலும்பும் தகடுகளும் அதைவிடக் கடினம். இன்றும் பேரினங்களை வகைப்படுத்துவதில் எலும்புதான் முதல் சாட்சி.

அலெக்சாண்ட்ரினாவின் படமும் அந்த நூலில் இருக்கிறது. வில்லியம் ஜேம்ஸ் வரைந்த தலை. வரைய விடமாட்டேன் என்று அவள் தயங்கி, வற்புறுத்தலுக்குப் பின்தான் சம்மதித்தாள். படம் அவளுடைய கைத்திறனுக்காக அல்ல. விரிந்து நின்ற அவள் தலைமுடிக்காக. இரண்டு 'இனங்கள்' கலந்தால் முடி எப்படியாகும் என்பதற்கு அகாசிக்கு ஒரு மாதிரி வேண்டியிருந்தது. மீன்களின் எலும்பைத் தயாரித்துக் கொடுத்தவளே மாதிரியாகி, பக்கத்தில் ஒட்டப்பட்டாள்.

அது ஒரு முறை நடந்த தற்செயல் அல்ல. அதே பயணத்தில் மனாவுஸ் நகரில் அகாசி ஓர் ஒளிப்பட அறையை அமைத்தார். கலப்பினத்தார் என்று தான் கருதியவர்களை, பெண்களையும் சேர்த்து, ஆடை களைந்து நிற்கச் செய்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாகப் படம் எடுக்கவைத்தார். மீனைப் படம் வரையும்போது எந்தெந்தக் கோணத்தில் வைப்பார்களோ, அதேபோல. மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை, அவை கலப்பது சீரழிவு என்பது அவர் கொள்கை. மூன்று பெண்களை அப்படி நிறுத்தியிருந்தபோது அறைக்குள் போன வில்லியம் ஜேம்ஸ் தன் நாட்குறிப்பில் அதைப் பதிந்து வைத்திருக்கிறார். அந்தப் படங்கள் ஹார்வர்டிலேயே இன்னோர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வகைப்பாடு என்ற சொல்லை நான் கேட்கும்போதெல்லாம் சாடியும் நினைவுக்கு வருகிறது, அந்த அறையும் நினைவுக்கு வருகிறது. உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் படித்த எங்களுக்கு, யாரை எந்தத் திணையில் வைக்கிறார்கள் என்பது வெறும் இலக்கணமாகத் தெரிவதில்லை.

இந்தச் சாடிகளைத்தான் ரோசாவும் கார்லும் திறந்தார்கள். புது மீன் கண்டுபிடிப்பது என்றால் ஆற்றில் இறங்கிப் பிடிப்பது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது மேசையில் நடக்கிறது. பக்கவாட்டில் எத்தனை தகடுகள். முதுகுத் துடுப்பில் எத்தனைக் கதிர்கள். வயிறு மூடியிருக்கிறதா, வெறும் தோலா. பல் முனை ஒன்றா, இரண்டா. எண்ணியதைப் பழைய நூல்களில் சொன்னதோடு ஒப்பிட வேண்டும். அந்த நூல்கள் லத்தீனிலும் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இருக்கும். ஓர் இனம் புதிது என்று சொல்வதைவிட ஒரு பேரினம் புதிது என்று சொல்வது துணிச்சலான காரியம். இனம் என்பது கண்ணுக்குத் தெரிகிற மீன். பேரினம் என்பது ஒரு வாதம்: இவையெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், அதோ அவை வேறு வீட்டுப் பிள்ளைகள் என்று அடித்துச் சொல்வது.

அன்று ப்ளெகோஸ்டோமஸ் என்ற பெயர் ஒரு பழைய மூட்டைபோல இருந்தது. கவசம் போட்ட கெளுத்தி எது வந்தாலும் அதற்குள் திணித்தார்கள். ஐகன்மன் தம்பதியர் அதை அவிழ்த்தார்கள். ஸ்டைண்டாக்னர் 1877இல் அந்த மூட்டைக்குள் போட்டிருந்த ஒரு மீனை எடுத்து, வயிற்றில் மட்டும் சிறு தகடுகளால் ஆன கேடயம்போன்ற அமைப்பு இருப்பதைக் காட்டி, நியோப்ளெகோஸ்டோமஸ் என்ற புதுப் பேரினமாக்கினார்கள். ஓதனாப்ஸை முந்திய அதே ஸ்டைண்டாக்னர். ரோசா இதை எண்ணிப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கிறது.

டெல்டூரஸ் அடுத்தது. மற்றக் கவசக் கெளுத்திகள் பெரும்பாலானவற்றின் முதுகுத் துடுப்பில் கிளைத்த கதிர்கள் ஏழு. இதில் அதற்கும் மேல். துடுப்புக்குப் பின்னால் முதுகின் நடுக்கோட்டில் ஒற்றைத் தகடுகள் வரிசையாக எழும்பி, கூரை முகட்டில் கவிழ்த்த ஓடுகளைப்போல வால்வரை ஓடும். முக்கோணம், வால் என்ற இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். மாதிரி இனத்துக்குப் பரைபா டோ சுல் ஆற்றின் பெயர்: டெல்டூரஸ் பரைபே. பரோட்டோசின்க்லஸ், ஹிசோனோட்டஸ், மைக்ரோலெபிடோகாஸ்டர், ஹெமிப்சிலிக்திஸ் என்று அதே 1889இல் இன்னும் பல பேரினங்கள் அந்த மேசையிலிருந்து வந்தன. பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. மறு ஆண்டு, தென்னமெரிக்கக் கெளுத்திகள் அனைத்தையும் மறுபார்வை செய்யும் ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலைக் கலிஃபோர்னிய அறிவியல் கழகம் வெளியிட்டது. அதிலும் இரு பெயர்களும் உண்டு.

1891இல் கார்ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஐந்து குழந்தைகள். அவர்களில் இருவருக்குத் தாயின் தனிக் கவனிப்பு தேவைப்பட்டது. 1893க்குப் பிறகு ரோசா ஆய்வுக் கட்டுரை எழுதவில்லை. கணவரின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தினார். 1895இல் அறிவியலில் பெண்கள் என்ற பொருளில் அவர் நிகழ்த்திய உரை கிடைக்கிறது. பெண்ணின் ஆய்வையும் ஆணின் ஆய்வையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். 'ஒரு பெண் செய்ததற்கு நன்றாயிருக்கிறது' என்ற பாராட்டுக்கு அறிவியலில் இடமில்லை என்பது அதன் சாரம். தான் எழுதுவதை நிறுத்தி இரண்டாண்டு ஆன பெண் சொன்னது அது. அளவுகோலைப் பற்றிச் சரியாகச் சொன்னார். அளக்கப்படுவதற்கு முன் மேசையில் உட்கார நேரம் வேண்டும் என்பதை அந்த உரை பேசவில்லை.

கார்ல் 1908இல் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போய் அருவிகளில் மீன் பிடித்தார். அங்கே கிடைத்த, கவசம் மிகக் குறைந்த ஒரு விசித்திரக் கெளுத்தியைப் புதிய பேரினமாக அறிவித்தார். லித்தோஜீனிஸ் ஐகன்மன், 1909. இப்போது ஒற்றை ஐகன்மன்.

அந்தக் கயானா மீன்களில் வேலை செய்த மாணவி மரியன் டர்பின். சிறு டெட்ரா மீன்கள் பலவற்றுக்குப் பக்கத்தில் 'டர்பின், 1909' என்று இருக்கும். கவசக் கெளுத்திகளின் இன்னொரு குடும்பத்தைப் பற்றி 1913இல் வெளியான கட்டுரையின் ஆசிரியர் எல்லிஸ். இருவரும் ஒருவரே. இடையில் நடந்தது ஒரு திருமணம்.

1926இல் ரோசா சான் டியேகோவுக்குத் திரும்பினார். மறு ஆண்டு கார்ல் இறந்தார். ரோசா 1947 வரை வாழ்ந்தார்.

அவர் உயிரோடு இருந்தபோதே டெல்டூரஸின் கதையில் இன்னொரு பெண் வந்தார். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஃபிரான்செஸ்கா லா மாண்ட் 1933இல், பிரேசிலின் டோசி ஆற்றிலிருந்து வந்த ஒரு கவசக் கெளுத்தியின் முதுகு முகட்டைக் கண்டு, காரினோட்டஸ் என்ற புதுப் பிரிவை ஏற்படுத்தினார். படகின் அடிமரம் போன்ற முதுகு என்று பொருள். அவர் பார்த்தது ரோசா பார்த்த அதே முகடு. மீன் புதிது, பிரிவு புதிதல்ல, அது டெல்டூரஸ்தான். காரினோட்டஸ் ஒத்தபெயர்ப் பட்டியலுக்குள் போயிற்று. இனம் மட்டும் டெல்டூரஸ் கரினோட்டஸ் என்று நிற்கிறது. லா மாண்ட் பெயர் அடைப்புக்குறிக்குள். இனம் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டால், முதலில் பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும் என்பது விதி. வியன்னா ஆணிடம் ரோசா இழந்தது போலவே, ரோசாவிடம் லா மாண்ட் இழந்தார். முந்தியவர் பெண்ணாக இருந்தால் விதி அவருக்கும் வேலை செய்கிறது.

2006இல் ரெய்ஸ், பெரெய்ரா, ஆர்ம்ப்ரஸ்டர் மூவரும் டெல்டூரஸை முழுக்க மறு ஆய்வு செய்தார்கள். ஆற்றுக்கு ஒன்றாக நான்கு இனங்கள்: பரைபா டோ சுல், டோசி, முகூரி, ஜெக்கிட்டின்யோன்யா. கவசக் கெளுத்திக் குடும்பத்தில் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துபோன கிளை இது என்று தெரிந்ததால், டெல்டூரினே என்று தனி உட்குடும்பமே அமைத்தார்கள். 1889இல் மேசைமீது வைக்கப்பட்ட வாதம் ஒரு படி மேலேறியது. மீன்களின் நிலை வேறு. 2015 நவம்பர் 5 அன்று மரியானா என்ற ஊருக்கருகே இரும்புச் சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்தது. பத்தொன்பது பேர் இறந்தார்கள். சேறு டோசி ஆறு நெடுக அட்லாண்டிக் வரை போயிற்று. ரோசா பெயரிட்ட பரைபா மீனோ, ஆலைகளும் அணைகளும் நெருங்கிய ஆற்றில், பிரேசிலின் அழியும் நிலை மீன்களில் ஒன்று.

மனாவுஸ் நகரைப் பற்றி மேலே சொன்னேன். அகாசி பெண்களை நிறுத்திப் படமெடுத்த அதே ஊரில் இன்று அமேசான் ஆய்வுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய லூசியா ராப் பை-டேனியல் 1989இல், டெல்டூரஸுக்குச் சரியாக நூறாண்டு கழித்து, இரண்டு கவசக் கெளுத்திப் பேரினங்களை அறிவித்தார்: பேரியான்சிஸ்ட்ரஸ், ஒலிகான்சிஸ்ட்ரஸ். பின்பு 2011இல் இரு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஷிங்கு ஆற்றின் மஞ்சள் புள்ளிக் கெளுத்திக்கு பேரியான்சிஸ்ட்ரஸ் சாந்தெல்லஸ் என்று பெயரிட்டார். உள்ளூர் மீனவர்கள் அதை 'அமரெலின்யோ', மஞ்சள் குட்டி, என்று எப்போதிருந்தோ அழைத்துவருகிறார்கள். அலங்கார மீன் வணிகத்திலோ அது எல் 18 என்ற எண்ணாக உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. அறிவியல் மூன்றாவதாக வந்தது. ஷிங்குவின் பெரிய வளைவில் 2016இல் இயங்கத் தொடங்கிய பெலோ மோன்ட்டே அணை, அந்தப் பாறைகளின் மேல் ஓடிய நீரில் பெரும்பகுதியை வேறு வழியில் திருப்பிவிட்டது. அந்த மீன் ஒட்டிக்கொண்டு வாழ்வது பாறையில்.

பேரினத்தின் பெயர் எல்லா நூல்களிலும் இப்படி இருக்கிறது: பேரியான்சிஸ்ட்ரஸ் ராப் பை-டேனியல், 1989.